ஆற்றைக் கடப்பதில் ஆறு சிக்கலா, கரை சிக்கலா? – போர்க்களப் பாலங்கள் குறித்த இழை

அகழிநாடன் எழுதியது:

போர் வரலாற்று நூல்களில் ஆறு கடக்கும் படலம் வரும்போதெல்லாம் பாலத்தின் நீளமும் அதைக் கட்டி முடிக்க ஆன நேரமும்தான் பெரிதாகச் சொல்லப்படுகின்றன. "ஆயிரம் அடிப் பாலம், ஒன்றரை நாளில்" என்று படித்து வியந்துவிட்டு நாமும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். சில காலமாக 1973ஆம் ஆண்டு அரபு–இஸ்ரேல் போரில் எகிப்தியப் படை சூயஸ் கால்வாயைக் கடந்த வரலாற்றை ஊன்றிப் படித்து வருகிறேன். தண்ணீரின் மேல் பாலம் போடுவது பொறியாளர் படையின் வேலையில் பாதிகூட இல்லை என்றும், மெய்யான போராட்டம் இரு கரைகளிலும், கரைக்கு வந்து சேரும் சாலையிலும்தான் நடக்கிறது என்றும் எனக்குத் தோன்றுகிறது. இதை விவாதத்துக்கு வைக்கிறேன். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

சூயஸில் தண்ணீர் ஒரு பெரிய பொருட்டே அல்ல. ஏறத்தாழ 180 முதல் 220 மீட்டர் அகலம், வெள்ளம் வராது, ஆழம் எல்லாருக்கும் தெரிந்ததே. ஓதத்தால் நீரோட்டம் திசை மாறும் என்பதும், தெற்கே போகப் போக நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம் கூடும் என்பதும் கணக்கில் கொள்ளத்தக்கவை, ஆனால் அவை முன்கூட்டியே அளந்துவிடக்கூடியவை. சோவியத் நாட்டிலிருந்து வந்த பி.எம்.பி. மிதவைப் பாலமும் எகிப்தியரிடம் இருந்தது. அதன் ஒவ்வொரு துண்டும் நான்காக மடிந்து லாரியின் மேல் உட்கார்ந்திருக்கும். லாரியைப் பின்னோக்கி ஓட்டி நீர்விளிம்பில் சட்டென்று நிறுத்தினால் துண்டு வழுக்கி விழுந்து தானே விரிந்துகொள்ளும். பிறகு துண்டோடு துண்டைப் பூட்ட வேண்டியதுதான்.

எதிர்க்கரையில் இஸ்ரேல் எழுப்பியிருந்த மணல்மேடுதான் தடை. சில இடங்களில் அது 20 மீட்டர் உயரம் வரை இருந்தது. சரிவோ நாற்பத்தைந்து பாகைக்கும் மேல். ஏழு மீட்டர் அகலத்துக்கு ஒரு வழி வெட்ட ஏறத்தாழ 1,500 கன மீட்டர் மண்ணை அகற்ற வேண்டும். வெடிமருந்து, புல்டோசர் ஆகியவற்றைக் கொண்டு ஒத்திகை பார்த்தபோது, எதிரியின் குண்டு ஒன்றுகூட விழாத நிலையிலேயே ஒரு வழிக்கு ஐந்தாறு மணி நேரம் பிடித்தது. அவ்வளவு நேரம் காலாட்படை மட்டும் எதிர்க்கரையில் டாங்குத் துணையின்றி நின்றால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சிக்கலுக்கு விடை சொன்னவர் பாக்கி ஜக்கி யூசுப் என்ற இளம் பொறியாளர் அதிகாரி. அவர் முன்பு அசுவான் உயர் அணைக் கட்டுமானத்தில் பணியாற்றியவர். அங்கே மணற்குன்றுகளை அழுத்த நீரைப் பாய்ச்சிக் கரைத்ததைப் பார்த்திருந்ததால், கால்வாய்த் தண்ணீரையே பம்பு வைத்து இறைத்து மணல்மேட்டின் மீது பீய்ச்சலாம் என்றார். முதலில் பிரிட்டனில் செய்த பம்புகளும், பின்னர் அவற்றைவிட ஆற்றல் மிக்க ஜெர்மன் பம்புகளும் வாங்கப்பட்டன. இரண்டு வகையையும் சேர்த்து இயக்கியபோது ஒரு வழி வெட்டும் நேரம் இரண்டு மணியளவுக்குச் சுருங்கியது. அக்டோபர் 6 பிற்பகலில் படகுகள் இறங்கின. இருட்டும் தறுவாயில் மணல்மேட்டில் வழிகள் திறக்கத் தொடங்கின. இரவோடு இரவாகப் பாலங்கள் இணைந்தன.

ஆனால் இது வடக்கே இரண்டாம் படையின் பகுதியில் நடந்தது. தெற்கே மூன்றாம் படையின் பகுதியில் மேட்டின் மண் வெறும் மணலாக இல்லாமல் களிமண் கலந்திருந்தது. தண்ணீர் பட்டதும் அது கரைந்து ஓடாமல் சேறாகித் தேங்கி நின்றது. பாலத் துண்டுகள் தயாராக இருந்தும் டாங்குகள் ஏறிப் போக வழியில்லாமல், பல மணி நேரம் பிந்தி மறுநாள்தான் அங்கே போக்குவரத்து சீரானது. ஒரே பாலம், ஒரே பயிற்சி, ஒரே நாள். மாறியது கரை மண் மட்டுமே. என் கட்சிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பழைய சப்பர் எழுதியது:

அகழிநாடன் அவர்களுக்கு வணக்கம். மதராஸ் சப்பர்கள் எனப்படும் இந்தியப் படையின் பொறியாளர் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் உங்கள் கட்சியில் நானும் சேர்ந்துகொள்கிறேன். பாலம் கட்டியிராதவர்கள் வழக்கமாகக் கவனிக்காத ஒன்றை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

பெய்லி பாலம் ஆற்றின் மேல் கட்டப்படுவதில்லை. தரையில் கட்டப்பட்டு ஆற்றின் மேல் தள்ளப்படுகிறது. டொனால்ட் பெய்லி என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1940இல் வடிவமைத்த இந்தப் பாலத்தின் அடிப்படை உறுப்பு பேனல் என்ற எஃகுச் சட்டகம். ஒவ்வொன்றும் 10 அடி நீளமும் 5 அடி உயரமும் ஏறத்தாழ 260 கிலோ எடையும் கொண்டது. ஆறு பேர் தூக்குக் கம்பிகளைச் செருகி, ஒருவர் குரல் கொடுக்க, ஒன்றாகத் தூக்கி ஒன்றாக வைக்க வேண்டும். முன்னால் இருக்கும் பேனலின் காதுக்குள் இந்தப் பேனலின் காது நுழைந்ததும் பின்னைச் செருகிச் சம்மட்டியால் ஒரு தட்டு. பின்னின் மறுமுனையில் ஒரு சிறு துளை உண்டு. அதில் காப்புக் கிளிப்பை மாட்ட வேண்டும். பின்னின் தலையில் அந்தத் துளை இருக்கும் திசைக்கு இணையாக ஒரு பள்ளக் கோடு வெட்டியிருப்பார்கள். இரவில் விளக்கு ஏற்றக் கூடாத இடத்தில் அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் தடவியே துளை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று தெரிந்துகொள்வோம். வடிவமைத்தவர் இருட்டில் வேலை செய்கிறவனை நினைத்து வடிவமைத்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது அந்தக் கோட்டைப் பார்த்தபோதுதான்.

பேனல்களுக்குக் குறுக்கே டிரான்ஸம் என்ற குறுக்கு உத்திரங்கள், அதன்மேல் நீளவாட்டு உத்திரங்கள், பலகைகள். முன்புறம் பலகை போடாத எடை குறைந்த மூக்கு ஒன்றைச் சேர்த்து, முழுவதையும் உருளைகளின் மேல் வைத்து ஆட்களோ வண்டியோ தள்ள, மூக்கு எதிர்க்கரையைத் தொடும் வரை பாலம் அந்தரத்தில் நீண்டுகொண்டே போகும். பின்பாரம் எப்போதும் முன்பாரத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் குப்புற விழுந்துவிடும். தன் பாரத்தால் மூக்கின் நுனி தொங்கிப் போய் எதிர்க்கரையில் முட்டாமல் இருக்க, கீழ்ப்புற இணைப்பில் கூடுதல் துண்டொன்றை மாட்டி மூக்கைச் சற்று மேல்நோக்கி நிமிர்த்தி வைப்போம்.

இதற்கெல்லாம் என்ன தேவை என்று பாருங்கள். நமது கரையில், பாலம் நீளும் அதே நேர்கோட்டில், பாலத்தின் நீளத்துக்கு ஏறத்தாழ ஈடான சமதளம் தேவை. அதற்குப் பின்னால் லாரிகள் வந்து இறக்கிவிட்டுத் திரும்பிப் போகச் சுற்றுவழி தேவை. பேனல் லாரி முன்னும் பலகை லாரி பின்னுமாக வரிசை பிசகாமல் வர வேண்டும்; பிசகினால் நூறு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். பாலத்தின் முழுப் பாரமும் இறங்கும் கரைத் தளத்தின் மண் தாங்குமா என்று பார்த்து, தாங்காதென்றால் மரக்கட்டைகளை அடுக்கிப் பாரத்தைப் பரப்ப வேண்டும். இடம் தேர்வதற்கு முன்னோட்டம் போகும் அதிகாரி ஆற்றைப் பார்க்கும் நேரத்தைவிடக் கரையைப் பார்க்கும் நேரம் அதிகம்.

போர்க்காலம் அல்ல என்றாலும், 2024இல் வயநாட்டுச் சூரல்மலையில் நிலச்சரிவுக்குப் பிறகு எங்கள் மதராஸ் பொறியாளர் குழு கட்டிய 190 அடி பெய்லி பாலத்தைத் தொலைக்காட்சியில் பலரும் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் உறுப்புகளைக் கொண்டு சேர்ப்பதும், இடிபாடுகளுக்கு நடுவே நிற்க இடம் பண்ணுவதும் பெரும்பாடாக இருந்தன.

வைகைமகள் எழுதியது:

இருவர் சொல்வதும் சரிதான், ஆனால் சூயஸ் ஒரு கால்வாய். மனிதன் வெட்டிய, அடங்கிய நீர். அதை வைத்து ஆறுகளுக்கெல்லாம் விதி செய்யலாமா? 1812 நவம்பரில் பெரெசினா ஆற்றில் நடந்ததைப் பார்த்தால் தண்ணீரே கொல்லும் என்பது விளங்கும்.

மாஸ்கோவிலிருந்து பின்வாங்கிய நெப்போலியனின் படைக்கு முன்னால் பெரெசினா குறுக்கே நின்றது. போரிசோவ் நகரப் பாலம் ரஷ்யர்களிடம் போய்விட்டது. சில நாட்களுக்கு முன்பே ஒர்ஷாவில், வேகம் குறைகிறதென்று தன் மிதவைப் பால வண்டிகளை எரித்துவிட உத்தரவிட்டிருந்தார் நெப்போலியன். மிதவைப் படையின் தலைவரான ஜெனரல் எப்லே மன்றாடியும் அவர் கேட்கவில்லை. ஆனால் எப்லே முன்யோசனையாக ஆறு வண்டிக் கருவிகளையும் ஆணி, கொக்கிகளையும், இரண்டு நடமாடும் கொல்லுலைகளையும், அவற்றுக்கு வேண்டிய கரியையும் காப்பாற்றி வைத்திருந்தார். படை தப்பியதற்கு அந்தச் சில வண்டிகளே காரணம் என்று சொன்னால் மிகையாகாது.

போரிசோவுக்கு வடக்கே ஸ்டுடியென்கா என்ற சிற்றூர். அவ்வூர் வீடுகளைப் பிரித்தெடுத்த மரத்தைக் கொண்டு நவம்பர் 26 காலையில் இரண்டு பாலங்களைத் தொடங்கினார்கள். ஒன்று காலாட்படைக்கு, மற்றொன்று பீரங்கிகளுக்கும் வண்டிகளுக்கும். ஆற்றின் அகலம் நூறு மீட்டர் அளவுதான். ஆனால் கடுங்குளிர் திடீரெனத் தணிந்திருந்ததால் ஆறு நடந்து கடக்கும் அளவுக்கு உறையவில்லை. பனிப்பாளங்கள் மட்டும் மிதந்து வந்து மோதிக்கொண்டிருந்தன. ஏறத்தாழ நானூறு வீரர்கள், அவர்களில் டச்சுக்காரர்கள் பலர், மார்பளவு நீரில் இறங்கி நின்று மரத் தாங்கிகளை நட்டார்கள். பிற்பகலில் முதல் பாலமும் மாலையில் இரண்டாவதும் திறந்தன. கனரகப் பாலத்தின் தாங்கிகள் ஆற்றடிச் சேற்றில் இறங்கிக்கொண்டே போனதால் அந்தப் பாலம் மூன்று முறை உடைந்தது. ஒவ்வொரு முறையும், அவற்றில் ஒன்று நள்ளிரவுக்குப் பின், அதே ஆட்கள் மறுபடியும் நீரில் இறங்கினார்கள். எப்லேயும் தன் முதிய வயதில் அவர்களோடு இறங்கினார். அந்த நானூறு பேரில் ஊர் திரும்பியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். எப்லேயே அவ்வாண்டு முடியும் தறுவாயில் கோனிக்ஸ்பெர்க்கில் இறந்துபோனார்.

இந்த மனிதர்களிடம் போய்த் தண்ணீரில் நடந்தது பாதி வேலைகூட இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அகழிநாடன் எழுதியது:

வைகைமகள் அவர்களின் பதிவு நெஞ்சைத் தொட்டது. ஆனாலும் வழக்கை விடுவதாக இல்லை. தாங்கிகள் உடைந்தது ஆற்றடிச் சேற்றால், அதுவும் மண்தான். அதற்கும் மேலாக, பெரெசினாவில் மிகப் பலர் மாண்டது பாலம் இல்லாததால் அல்ல. நவம்பர் 27 இரவில் படைப்பிரிவுகள் பெரும்பாலும் கடந்துவிட்டபின் பாலங்கள் ஏறத்தாழ வெறிச்சோடிக் கிடந்தன. ஒழுங்கு குலைந்து பின்தொடர்ந்து வந்த ஆயிரக்கணக்கானவர்கள் கிழக்குக் கரையில் தீ மூட்டிக் குளிர்காய்ந்துகொண்டு நகர மறுத்தார்கள். மறுநாள் ரஷ்யப் பீரங்கிக் குண்டுகள் விழத் தொடங்கியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பாலத்தின் வாயிலை நோக்கிப் பாய்ந்தார்கள். நசுங்கியும் தள்ளுண்டும் செத்தார்கள். 29ஆம் தேதி காலை பாலங்களைக் கொளுத்த வேண்டிய நேரத்தையும் எப்லே தள்ளிப்போட்டுப் பார்த்தார், பயனில்லை. பாலத்தின் வாயிலில் வரிசையை நிலைநாட்டுவதும் கரை வேலைதான் என்பேன்.

ஐராவதி வாசகர் எழுதியது:

பர்மாவை யாரும் தொடவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்–இந்தியப் பதினான்காம் படையின் பொறியாளர்கள் செய்த வேலை நம்மவர்க்கு நெருக்கமானது. 1942இல் ஜப்பானியர் வந்தபோது பர்மாவை விட்டு நடந்தே வெளியேறிய தமிழர்களில் பலர் கலேவா, தாமு வழியாகத்தான் மணிப்பூர் எல்லையை அடைந்தார்கள். 1944 இறுதியில் அதே வழியைத் தலைகீழாகப் பிடித்துப் படை திரும்பி வந்தது.

கலேவாவில் சிந்துவின் (Chindwin) என்ற பர்மிய ஆற்றுக்குக் குறுக்கே 1944 டிசம்பரில் 1,154 அடி நீள பெய்லி மிதவைப் பாலம் அமைந்தது; அந்த நாளில் உலகிலேயே நீளமான பெய்லி பாலம் அதுதான் என்றார்கள். ஆனால் அதை எங்கே கட்டினார்கள் தெரியுமா? சிந்துவினில் அல்ல. கலேவாவில் வந்து கலக்கும் மியித்தா என்ற கிளையாற்றில், எதிரி விமானங்களின் கண்ணில் எளிதில் படாத மறைவில், மிதவைத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கோத்து முடித்து, பிறகு ஆற்றோட்டத்தோடு கீழே கொண்டுவந்து பேராற்றின் குறுக்கே வரிசையாகப் பூட்டினார்கள். பேராற்றில் நின்று செய்த வேலையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்ததால்தான் அவ்வளவு பெரிய பாலம் சில நாட்களில் முடிந்தது.

அடுத்து ஐராவதி. அதற்குப் பாலம் போடும் அளவுக்குச் சாமான்கள் பதினான்காம் படையிடம் இல்லை. ஐரோப்பியக் களங்களுக்குப் போனது போக மிஞ்சியதுதான் அங்கே வரும். தலைமைப் பொறியாளர் ஹேஸ்டெட் கலேவாவிலேயே படகுத்துறை ஒன்றை அமைத்து, காட்டிலிருந்து தேக்கு மரங்களை யானைகளைக் கொண்டு இழுத்துவந்து, ஒவ்வொன்றும் பத்து டன் பாரம் தாங்கும் மரப்படகுகளை ஐந்நூறுக்கும் மேல் செய்ய வைத்தார். மூன்று படகுகளைச் சேர்த்துத் தளம் போட்டால் ஒரு டாங்கை ஏற்றலாம். சாலைக்குச் சரளைக்கல் குதிரைக் கொம்பாக இருந்த இடத்தில், சணல் துணியைத் தாரில் தோய்த்துத் தரையில் விரித்து ஓடுதளங்களும் சாலைகளும் அமைத்தார்கள்.

1945 பிப்ரவரி 14 விடியற்காலையில் நியாங்ஊவில் ஒரு மைலுக்கும் அகலமான ஐராவதியைக் கடந்தது ஏழாவது இந்தியப் படைப்பிரிவு. எதிர்க்கரைப் பகுதியைக் காத்தவர்களில் இந்திய தேசிய இராணுவத்தின் நேரு படைப்பிரிவும் இருந்தது என்பதையும், ஆற்றின் இரு கரையிலும் இந்தியர்களே நின்றார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. முதல் அணி இருட்டில் துடுப்புப் போட்டுச் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்து வந்த தென் லங்காஷயர் படையின் படகுகளில் எந்திரங்கள் கிளம்ப மறுத்தன, சில படகுகள் ஒழுகின, விடிந்துவிட்டது. காற்றும் நீரோட்டமும் படகுகளை இழுத்துச் சென்று எதிரியின் எந்திரத் துப்பாக்கிகளுக்கு நேரே நிறுத்தின. பாதி ஆற்றிலிருந்து திரும்ப வேண்டியதாயிற்று. பின்னர் பஞ்சாப் ரெஜிமெண்டின் ஒரு பட்டாலியன் பட்டப்பகலில், பீரங்கி, விமானக் காப்போடு, அதே வகைப் படகுகளில் போய்க் கரையைப் பிடித்தது.

எனவே அகழிநாடன் கட்சிக்கு நான் முழுதாக வரவில்லை. அவ்வளவு அகலமான ஆற்றில் ஆறும் ஓர் எதிரிதான்.

புதியவன் எழுதியது:

நான் இத்துறைக்குப் புதியவன், ஆகவே ஓர் எளிய கேள்வி. படகிலும், படகுகளைச் சேர்த்துத் தளம் போட்ட ஃபெரியிலும் டாங்கே போக முடியுமென்றால், ஹெலிகாப்டர்களும் வந்துவிட்ட பிறகு, இத்தனை உயிரைக் கொடுத்துப் பாலம் எதற்கு?

வைகைமகள் எழுதியது:

புதியவன் அவர்களே, நல்ல கேள்வி. எதிர்க்கரையில் முதலில் இறங்கியவர்களை அழிக்க எதிரி எவ்வளவு விரைவாகப் படை சேர்க்கிறானோ, அதைவிட விரைவாக நாம் சேர்க்க வேண்டும். இது ஒரு பந்தயம். ஃபெரி ஒரு நடைக்கு ஒன்றிரண்டு டாங்குகளை ஏற்றிக்கொண்டு போய், இறக்கிவிட்டு, வெறுமையாகத் திரும்பி வர வேண்டும். பாலத்திலோ வண்டிகள் இடைவிடாமல் ஓடும். டாங்குகள் மட்டுமல்ல, குண்டு, எரிபொருள், உணவு, காயம்பட்டவர்கள் என்று நாள் முழுதும் போக்குவரத்து உண்டு. ஹெலிகாப்டர் ஆட்களைக் கொண்டுபோகும். 1971 வங்கதேசப் போரில் மேக்னா ஆற்றை இந்தியப் படை அப்படித்தான் தாண்டியது. ஆனால் டாங்குகளை அதில் ஏற்ற முடியவில்லை.

ரைன் ஆற்றில் ரெமாகன் என்னும் இடத்தில் 1945 மார்ச் 7 அன்று அமெரிக்கர்களுக்கு லூடென்டார்ஃப் ரயில் பாலம் முழுதாகவே கிடைத்தது. கிடைத்த பாலமே போதும் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. நான்கு நாட்களுக்குள் பக்கத்திலேயே இரண்டு மிதவைப் பாலங்களைப் போட்டு முடித்து, பழைய பாலத்தைப் போக்குவரத்துக்கு மூடிப் பழுதுபார்க்கத் தொடங்கினார்கள். 17ஆம் தேதி அந்தப் பாலம் திடீரென இடிந்து விழுந்து, பழுதுபார்த்துக்கொண்டிருந்த பொறியாளர்களில் 28 பேர் உயிரிழந்தார்கள். ஆனால் படையின் போக்குவரத்து ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை.

கள்ளிக்காட்டான் எழுதியது:

சூயஸின் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அகழிநாடன் தொடங்கிய வாதத்துக்கு அதுதான் வலுவான சான்று என்பது என் கருத்து.

1973 அக்டோபர் 15 இரவு இஸ்ரேலியப் படை எதிர்த்திசையில், டெவர்சுவாருக்கு அருகே கால்வாயைக் கடக்கத் தொடங்கியது. அவர்களிடம் டேவிட் லாஸ்கோவ் வடிவமைத்த உருளைப் பாலம் ஒன்று இருந்தது. ஏறத்தாழ 200 மீட்டர் நீளம், 400 டன் எடை. பாலைவனத்தில் முழுப் பாலத்தையும் முன்கூட்டியே கோத்து வைத்துவிட்டு, பத்துப் பதினைந்து டாங்குகளைப் பூட்டி இழுத்து வந்து, அப்படியே தண்ணீருக்குள் தள்ளிவிட வேண்டும் என்பது திட்டம். தண்ணீரில் செய்ய வேண்டிய வேலை ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. காகிதத்தில் இதைவிட அழகான பாலம் கிடையாது.

நடந்தது வேறு. கால்வாய்க்குப் போகும் அகாவிஷ், டிர்டூர் என்ற இரண்டே சாலைகளில் டிர்டூரை எகிப்தியர் இறுகப் பிடித்திருந்தார்கள். சீனப் பண்ணை என்று பெயர்பெற்ற இடத்தில் இரவுபகலாகச் சண்டை. இன்னொரு சாலையில் லாரியும் டாங்கும் ஆம்புலன்சும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. நேர்கோட்டில்தான் இழுக்க முடியும் என்பதால் உருளைப் பாலத்தைச் சாலையை விட்டு விலக்கவும் வழியில்லை. மேடு பள்ளத்தில் இழுக்கும்போது அது முறிந்தும் போனது. முதல் டாங்குகளைக் கரை சேர்த்தவை ஐரோப்பாவில் கழித்துக்கட்டிய பொருளாக வாங்கி, சரிபார்த்து வைத்திருந்த ஜில்வா என்ற நீர்நில ஃபெரிகள். 17ஆம் தேதி மிதவைத் துண்டுகளால் ஆன சாதாரணப் பாலம் முடிந்தது. அத்தனை செலவில் செய்த உருளைப் பாலம் அதற்கும் ஓரிரு நாள் கழித்தே நீரில் இறங்கியது.

அதே கரையில் இன்னொரு முன்யோசனை பலித்தது. கடக்கும் இடத்தில் மணல்மேட்டைப் போருக்கு முன்பே உள்ளுக்குள் மெலிதாக்கி, வெட்ட வேண்டிய இடத்தைச் செங்கல்லால் அடையாளமிட்டு, பின்னால் டாங்குகள் ஒதுங்கி நிற்க மதிலடைத்த முற்றம் ஒன்றையும் இஸ்ரேலியத் தளபதி ஷரோன் அமைக்கச் செய்திருந்தார். பாலம் ஏமாற்றியது, கரை கைகொடுத்தது.

பழைய சப்பர் எழுதியது:

கள்ளிக்காட்டான் சொன்ன சாலை நெரிசல் எங்களுக்குப் பாடமாகவே சொல்லித் தரப்படும் செய்தி. நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றையும் சேர்க்கிறேன். 1971 டிசம்பரில் பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய சகர்கர் முனையில் பசந்தர் ஆறு. குளிர்காலத்தில் அதில் பெரிய வெள்ளம் கிடையாது. ஆனால் ஆற்றின் இரு பக்கமும் ஆழமான கண்ணிவெடி வயல். ஆற்றுப்படுகையோ டாங்கு புதையும் ஈரமண். கரை என்பது அங்கே நீர்விளிம்பில் முடியவில்லை. பல நூறு மீட்டர் நீண்டிருந்தது.

அங்கே வழி வெட்டியவர்கள் எங்கள் மதராஸ் சப்பர்களின் ஒன்பதாவது பொறியாளர் ரெஜிமெண்ட். கண்ணி வாரும் டாங்குகளுக்கு முன்னும் பின்னும் நடந்து, குண்டுமழைக்கு நடுவே கையால் தேடி எடுத்து, நாடா கட்டி வழியைக் குறித்தார்கள். அந்தப் பணிகளிலேயே உயிர்நீத்த மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரிக்கு மறைவுக்குப் பின் மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. டிசம்பர் 15 இரவு காலாட்படை ஆற்றைத் தாண்டி இடம் பிடித்துவிட்டது. பாகிஸ்தான் டாங்குகள் நெருங்குவதாகச் செய்தி வந்தபோது கண்ணி வயலில் வழி பாதிதான் முடிந்திருந்தது. 17ஆவது பூனா குதிரைப்படை டாங்குகள் காத்திராமல் அந்தப் பாதி வழியிலேயே நுழைந்து போய்ச் சேர்ந்தன. மறுநாள் நடந்த டாங்குச் சண்டையில் அந்தப் படையின் இளம் அதிகாரி அருண் கேத்ரபால் வீரமரணம் அடைந்ததை எல்லாரும் அறிவார்கள். அந்த டாங்குகள் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பதைச் சொல்பவர்கள் குறைவு.

இன்னொன்று. கடக்கும் இடத்தில் யார் எப்போது போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கட்டுப்பாட்டு நிலையம் ஒன்று இருக்கும். வண்டியின் எடை வகுப்பைப் பார்த்து, பாலம் தாங்குமா என்று முடிவுசெய்து, இடைவெளி விட்டு அனுப்புவார்கள். பழுதான வண்டியை இழுத்துத் தள்ளப் பக்கத்திலேயே ஒரு மீட்பு வண்டி நிற்கும். எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் அவருடைய வண்டி வரிசையில்தான் வர வேண்டும். பெரெசினாவில் இல்லாமல் போனது இதுதான்.

புதியவன் எழுதியது:

மிக்க நன்றி. உளவு விமானமும் டிரோனும் வானில் எந்நேரமும் சுற்றும் இக்காலத்தில் இதெல்லாம் இனி நடக்குமா?

அகழிநாடன் எழுதியது:

நடக்கிறது, ஆனால் விலை ஏறிவிட்டது. 2022 மே மாதம் உக்ரைனில் பிலோஹோரிவ்கா அருகே சிவெர்ஸ்கி டோனெட்ஸ் ஆற்றை மிதவைப் பாலம் போட்டுக் கடக்க முயன்ற ரஷ்யப் படை பெருஞ்சேதம் அடைந்தது. பெரிய ஆறு அல்ல அது. இரு கரையும் காடு. பாலம் போடத் தோதான இடங்கள் சிலவே என்பதால் எங்கே வருவார்கள் என்பதை உக்ரைனியப் பொறியாளர்களால் முன்கூட்டியே கணிக்க முடிந்தது. பாலம் இணையும் வரை காத்திருந்து, பிறகு பீரங்கியால் அடித்தார்கள். கடந்துவிட்ட வண்டிகளும், கடக்க வரிசையில் நின்ற வண்டிகளும் கரையிலேயே எரிந்து கிடந்த வான்படங்களை நாம் எல்லாரும் பார்த்தோம். ஆழம் தெரியாமல் காலை விட்டார்கள் என்பதைவிட, கரை தெரிந்துபோன இடத்தில் காலை விட்டார்கள் என்பதே பொருந்தும்.

பழைய சப்பர் எழுதியது:

அதே ஆண்டில் கெர்சோனையும் சேர்த்துப் பாருங்கள். தினிப்ரோ ஆற்றின் அந்தோனிவ்கா பாலத்தை உக்ரைன் ராக்கெட்டுகளால் மீண்டும் மீண்டும் துளைத்ததும், ரஷ்யர்கள் அதன் அருகிலேயே படகுகளைக் கோத்தும் ஃபெரிகளை ஓட்டியும் சமாளித்தார்கள். நிலையாக நிற்கும் பாலத்தைக் குறிவைப்பது எளிது. இடம் மாறிக்கொண்டே இருக்கும் ஃபெரியைக் குறிவைப்பது கடினம். மேற்குக் கரையில் ஒரு பெரும்படையைத் தொடர்ந்து வைத்திருந்து சண்டையிட அந்த ஃபெரிகளின் கொள்ளளவு போதவில்லை. நவம்பரில் அந்தப் படையைத் திரும்பக் கொண்டுவருவதற்குப் போதுமானதாக இருந்தது. இன்றைய பயிற்சியில் இரவில் மட்டும் துண்டுகளைப் பூட்டி, விடிவதற்குள் பிரித்துக் கரையோர மரநிழலில் ஒதுக்கி வைப்பதற்கும், ஒரே இடத்தில் ஒரு பெரிய பாலத்துக்குப் பதிலாகப் பல இடங்களில் ஃபெரித் துறைகள் அமைப்பதற்கும் அதிக நேரம் ஒதுக்கப்படுவது இதனால்தான். அதாவது, தயார்ப்படுத்த வேண்டிய கரைகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகியிருக்கிறது.

வைகைமகள் எழுதியது:

சப்பர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எப்லேயின் ஆட்கள் விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்பதையும் அகழிநாடன் குறித்துக்கொள்ளட்டும். 1971இல் மேக்னாவை நாட்டுப்படகுகளிலும் ஹெலிகாப்டர்களிலும் தாண்டியது குறித்துத் தனி இழை தொடங்கினால், அங்கே அவரோடு மறுபடியும் வாதாட வருகிறேன்.